மனுத் தாளை வெளியே அனுப்பாமல் வரைபடம் போடுவது எப்படி?

திங்கட்கிழமை காலை என்றால் கோவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு என்று எல்லாப் பக்கமிருந்தும் கையில் மனுவோடு வந்து நிற்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டுமனை என்று எத்தனையோ கோரிக்கைகள். ஒவ்வொரு மனுவும் ஓர் எண்ணாகிறது. எண்கள் சேர்ந்து எக்செல் தாளில் வரிசையாகின்றன. மாதக் கடைசியில் மேலதிகாரி கேட்பது ஒன்றுதான்: "எந்த ஊர்ல எது தேங்கி நிக்குது? ஒரு சார்ட்டா போட்டுக் கொண்டாங்க."

இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. கொங்குப் பகுதி அலுவலகம் ஒன்றில் பயிற்சி எடுக்கப் போயிருந்தபோது ஓர் இளநிலை உதவியாளர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "அதுக்கென்னங்க சார், இலவசமா சார்ட் போட்டுக் குடுக்கற சைட் ஒண்ணு இருக்குதுங்க. ஷீட்டை அப்படியே போட்டுட்டேனுங்க, ரெண்டே நிமிசம்." தாளைத் திறந்து பார்த்தேன். மனுதாரர் பெயர், கதவு எண், கைபேசி எண், சில வரிசைகளில் ஆதார் எண்கூட இருந்தது. அத்தனையும் யாருடையது என்றே தெரியாத ஒரு சர்வருக்குப் போய்விட்டது. திரும்ப வாங்க வழியில்லை. அவர் மேல் தப்பில்லை. வேறு வழி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2023ஆம் ஆண்டின் மின்னணு வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் சட்டத்துக்கு முன்பாகவே ஒரு நம்பிக்கை இருக்கிறது. உதவித்தொகைக்காக மனு கொடுத்த அம்மா, அந்தக் காகிதத்தை அரசாங்கத்திடம்தான் கொடுத்தார். ஆகவே இந்தப் பாடத்தில், தாளை அலுவலகக் கணினியை விட்டு வெளியே விடாமல் நல்ல வரைபடம் போடும் முறையைப் பார்ப்போம். இதற்குத் தேவை இரண்டு: ஒரு கண்டெய்னர், அதற்குள் ஓடும் ஒரு வரைபடக் கருவி.

கண்டெய்னர் என்றால்?

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகம் போகிற அதே கண்டெய்னர்தான். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன் ஒவ்வொரு மூட்டையையும் துறைமுகத்தில் ஆள் வைத்து ஏற்றி இறக்க வேண்டும். பெட்டி வந்த பிறகு உள்ளே பனியனா பம்ப் செட்டா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மென்பொருளிலும் கதை இதேதான். ஒரு கருவியை நிறுவப் போனால் ஜாவா வேண்டும் என்கும், இன்ன பதிப்பு வேண்டும் என்கும். ஒரு கணினியில் ஓடுவது பக்கத்துக் கணினியில் ஓடாது. கருவியையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. லினக்ஸ் கெர்னலில் இதற்கான வசதிகள் முன்பே இருந்தாலும், 2013இல் டாக்கர் வந்த பிறகுதான் எல்லோர் கைக்கும் எட்டியது.

இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்: இமேஜ், கண்டெய்னர். கணபதி, பீளமேடு பக்கம் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். பேட்டர்ன் என்பது ஒன்றுதான். அதை வைத்து எத்தனை வார்ப்பு வேண்டுமானாலும் எடுக்கலாம். இமேஜ் என்பது பேட்டர்ன். கண்டெய்னர் என்பது அதிலிருந்து எடுத்த வார்ப்பு. வார்ப்பு உடைந்தால் பேட்டர்னுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. கண்டெய்னரை நீக்கினால் அதற்குள் நாம் சேமித்ததும் கூடவே போய்விடும். அதனால்தான் கணினியில் உள்ள ஒரு ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் தெரியும்படி இணைத்துவிடுகிறோம். வால்யூம் என்பது இதுதான். பெட்டி போனாலும் சரக்கு நம் குடோனில் இருக்கும். இந்த ஒரு வரியை மறந்தவர்கள்தான் ஒரு மாத வேலையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

எந்தக் கருவி, எந்த மென்பொருள்?

வரைபடக் கருவிகளில் அப்பாச்சி சூப்பர்செட் பெயர் பெற்றது. 2015இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் பிறந்து, பிறகு அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது. திறமையான கருவி. ஆனால் முழு அமைப்பாக ஓட்ட வேண்டுமென்றால் பல கண்டெய்னர்களை ஒன்றாக எழுப்ப வேண்டும். தாலுகா அலுவலகத்துக் கணினிக்கு அது பெரிய சுமை. நம் தேவைக்கு மெட்டாபேஸ் போதும்: திறந்த மூல மென்பொருள், ஒரே கண்டெய்னர், எஸ்கியூஎல் தெரியாதவரும் கேள்வி கேட்டு வரைபடம் எடுக்கலாம்.

அடுத்தது கண்டெய்னரை ஓட்டும் மென்பொருள். இணையத்தில் தேடினால் எல்லோரும் டாக்கர் டெஸ்க்டாப் என்பார்கள். இங்கே அரசு அலுவலர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் இறுதியில் அந்நிறுவனம் அறிவித்த விதிப்படி, டாக்கர் டெஸ்க்டாப் தனிநபர், கல்வி, சிறு நிறுவனப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். பெரிய நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் சந்தா கட்ட வேண்டும். தெரியாமல் நிறுவிவிட்டு, பிறகு தணிக்கையில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பாட்மேன் டெஸ்க்டாப் என்பது கட்டணமில்லாத திறந்த மூல மென்பொருள். அதே இமேஜ்களை அப்படியே ஓட்டும். லினக்ஸ் கணினி என்றால் டாக்கர் எஞ்சினையே பயன்படுத்தலாம், அது திறந்த மூலம்தான். இந்தப் பாடம் விண்டோஸ் கணினியில் பாட்மேன் டெஸ்க்டாப்பை வைத்து நடக்கிறது. 8 ஜிபி ராம் இருந்தால் நல்லது. 4 ஜிபியில் திணறும். நிறுவுவதற்கு முன் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தாளைச் சுத்தம் செய்யுங்கள்

நேரத்தில் முக்கால் பங்கு இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். அசல் தாளைத் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து பெயர், கைபேசி, ஆதார், கதவு எண் ஆகிய பத்திகளை நீக்குங்கள். மறைத்தால் போதாது, நீக்க வேண்டும். "உள்ளூர்க் கணினியிலதானே சார் இருக்குது, அப்புறம் எதுக்குங்க நீக்கணும்?" என்று கேட்பார்கள். வரைபடத்துக்குத் தேவையில்லாதது வரைபடக் கருவிக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான். மனு எண் இருக்கட்டும். யாரையாவது தொடர்புகொள்ள வேண்டுமானால் அதை வைத்து அசல் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து ஊர்ப் பெயர்கள். கொங்கு நாட்டில் பாளையத்துக்கும் புதூருக்கும் பஞ்சமே கிடையாது. கோவில்பாளையம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது சத்தி ரோட்டில் இருக்கிற கோவில்பாளையமா, பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிற கோவில்பாளையமா? மனு கொடுத்தவருக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டி ஒரே கம்பமாகப் போட்டுவிடும். இன்னொரு பக்கம் கவுண்டம்பாளையம் ஒரு வரியிலும் கௌண்டம்பாளையம் இன்னொரு வரியிலும் இருந்தால் ஒரே ஊர் இரண்டு கம்பங்களாகப் பிரியும். அப்போது தேக்கம் பாதிதான் தெரியும். மத்திய அரசின் உள்ளாட்சி அமைப்புகள் விவரத் தொகுப்பில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு எண் போதும். கோவையில் 5 மண்டலங்களில் 100 வார்டுகள்.

தேதி இன்னும் மோசம். நாம் எழுதுவது நாள், மாதம், ஆண்டு. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 03-04-2025 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 25-04-2025 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதி மனுக்கள் தவறான மாதத்தில், மீதி எந்த மாதத்திலும் இல்லை. ஆகவே தேதிப் பத்தி முழுவதையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றுங்கள்: 2025-04-03. மாதம் இரண்டு இலக்கம், நாள் இரண்டு இலக்கம்.

பிறகு தமிழ் எழுத்து. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே யூனிகோடையும் டேஸ்16ஐயும் தமிழுக்கான தரக் குறியீடுகளாக அரசு ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய வானவில் எழுத்துருவில் அடித்த தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எக்செல்லில் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி அல்ல, 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஊர்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும்.

கடைசியாக இந்த சிஎஸ்வி கோப்பை ஒரு சிறு தரவுத்தளமாக்க வேண்டும். 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்ற இலவச மென்பொருளில் புதிய தரவுத்தளம் ஒன்றைத் திறந்து, இம்போர்ட் மெனுவில் சிஎஸ்வியைக் காட்டினால் தாள் ஓர் அட்டவணையாகிவிடும். முதல் வரி தலைப்பு என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். கோப்புக்கு 'மனு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். டி டிரைவில் 'குறை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, கோப்பை அதில் போடுங்கள். அதன் பெயரும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும்.

கண்டெய்னரை எழுப்புதல்

பாட்மேன் டெஸ்க்டாப்பை நிறுவித் திறந்தால், லினக்ஸ் துணை அமைப்பு வேண்டும் என்று கேட்கும்; ஒப்புக்கொண்டு, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு 'பாட்மேன் மெஷின்' ஒன்றை உருவாக்கச் சொல்லும். அதற்கும் சரி சொல்லுங்கள்.

இடப்பக்கம் 'இமேஜஸ்' பகுதியில் 'புல்' பொத்தானை அழுத்தி இமேஜ் பெயரைத் தட்டுங்கள். ஆங்கிலத்தில் தட்ட வேண்டியதைப் போனில் சொல்வதுபோல் சொல்கிறேன்: டாக்கர், புள்ளி, ஐஓ, சாய்கோடு, மெட்டாபேஸ், சாய்கோடு, மெட்டாபேஸ். எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. சில நூறு எம்பி இறங்கும். இணைய இணைப்பு கட்டாயம் வேண்டியது இந்த ஒரு தடவைதான்.

இறங்கிய இமேஜுக்கு எதிரே உள்ள ஓட்டும் குறியை அழுத்தினால் ஒரு படிவம் வரும். அதில் நான்கு விஷயங்கள் மட்டும் பாருங்கள். கண்டெய்னருக்கு ஒரு பெயர் கொடுங்கள். போர்ட் என்ற இடத்தில் 3000 என்று இருக்கட்டும். வால்யூம் என்ற இடத்தில் இடப்புறம் நம் டி டிரைவின் 'குறை' ஃபோல்டரைக் காட்டி, வலப்புறம் சாய்கோடு போட்டு 'மெட்டாபேஸ்-டேட்டா' என்று தட்டுங்கள், நடுவில் சிறுகோடு. நான்காவது, என்விரான்மென்ட் வேரியபிள். பெயர்: எம்பி, அடிக்கோடு, டிபி, அடிக்கோடு, ஃபைல், எல்லாம் பெரிய எழுத்தில். மதிப்பு: சாய்கோடு, மெட்டாபேஸ்-டேட்டா, சாய்கோடு, மெட்டாபேஸ், புள்ளி, டிபி. நீங்கள் போடும் வரைபடங்களையும் கடவுச்சொல்லையும் மெட்டாபேஸ் எங்கே எழுதி வைக்க வேண்டும் என்பதை இந்த வரிதான் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே எழுதிவைக்கும், பெட்டியோடு போகும்.

ஸ்டார்ட் கொடுங்கள். உடனே பிரவுசரைத் திறந்து "வரலைங்களே" என்று சொல்லாதீர்கள், ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். 'லாக்ஸ்' பகுதியில் வரிகள் ஓடி அடங்கிய பிறகு பிரவுசரின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 3000 என்று தட்டினால் மெட்டாபேஸ் வரவேற்கும். இது இணையதளம் போலத் தெரிந்தாலும் இணையதளம் அல்ல. லோக்கல்ஹோஸ்ட் என்றால் இதே கணினி.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லாக வையுங்கள், 'அட்மின் 123' வேண்டாம். தரவுத்தளம் கேட்கும்போது எஸ்கியூலைட்டைத் தேர்ந்து, கோப்பின் பெயராக மெட்டாபேஸ்-டேட்டா ஃபோல்டரில் உள்ள நம் மனு கோப்பை முழுப் பாதையோடு தட்டுங்கள். டி டிரைவ் என்று எழுதினால் கிடைக்காது. பெட்டிக்குள் இருப்பவருக்கு டி டிரைவ் தெரியாது. அவருக்குத் தெரிந்த வழி சாய்கோட்டில் தொடங்குவதுதான். கடைசித் திரையில் பயன்பாட்டு விவரங்களை நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கும். அந்தச் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அதே அலுவலக நெட்வொர்க்கில் உள்ள பக்கத்து மேசைக் கணினியிலிருந்து, உங்கள் கணினியின் ஐபி எண்ணையும் 3000 போர்ட்டையும் தட்டிப் பாருங்கள். மெட்டாபேஸ் திறந்தால் விண்டோஸ் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடச் சொல்லுங்கள்.

வரைபடம் என்ன சொல்கிறது?

நிர்வாகப் பகுதியில் அட்டவணை விவரத்துக்குப் போய், தேதிப் பத்தியைத் தேதியாகக் கருதும்படி மாற்றுங்கள். எஸ்கியூலைட் தேதியை எழுத்தாகத்தான் வைத்திருக்கும். இதைச் செய்தால்தான் மாதவாரியாகப் பிரிக்க முடியும். பிறகு 'நியூ', 'கொஸ்டின்' என்று போய், எண்ணிக்கை வேண்டும், கோரிக்கை வகைவாரியாக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் கம்ப வரைபடம் வந்து நிற்கும். இவ்வளவு சுலபமாக வருவதுதான் ஆபத்தும்கூட.

சராசரியை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக ஒரு கணக்கு: 10 மனுக்கள். 8 மனுக்கள் 5 நாளில் முடிந்தன, 2 மனுக்களுக்கு 180 நாள் ஆனது. கூட்டினால் 40ம் 360ம் சேர்ந்து 400. சராசரி 40 நாள். ஆனால் 40 நாள் காத்திருந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. எட்டுப் பேருக்கு அலுவலகம் மிக வேகம், இரண்டு பேருக்கு அரை வருடம். எனவே சராசரியைப் போடாமல், எத்தனை நாளில் எத்தனை மனு என்று நாள் இடைவெளிவாரியாகப் பிரித்துக் கம்பமாகப் போடுங்கள். கடைசியில் தனியாக நிற்கும் குட்டிக் கம்பத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு பொறி. முடிந்த மனுக்களுக்கு மட்டும்தான் முடித்த தேதி இருக்கும். ஒரு வருடமாகக் கிடக்கும் மனுவுக்கு அந்தப் பத்தி காலி, கணக்கிலேயே வராது. அதாவது யாருக்கு ரொம்பத் தாமதமோ அவரே வரைபடத்தில் இல்லை. நிலுவை மனுக்களுக்கு, தாள் எடுத்த தேதி வரை எத்தனை நாள் என்று இன்னொரு பத்தி போட்டுத் தனி வரைபடமாகக் காட்டுங்கள். 'தீர்வு செய்யப்பட்டது' என்ற ஒரே சொல்லையும் உடைக்க வேண்டும். ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, வேறு துறைக்கு அனுப்பப்பட்டது மூன்றும் மனுதாரருக்கு ஒன்றல்ல.

மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண் போடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். மழையை வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். வால்பாறையிலும் சின்னக்கல்லாறிலும் தென்மேற்குப் பருவத்தில் கொட்டுகிற மழையையும், அன்னூர் சூலூர் பக்கத்து மழையையும் சேர்த்து மாவட்டச் சராசரி போட்டால், அது இரண்டு இடத்துக்கும் பொருந்தாத எண். சூலூர் விவசாயியிடம் அந்த எண்ணைக் காட்டினால் சிரிப்பார். மனுக்களும் அப்படித்தான், தாலுகாவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக இருந்தால் எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று வரும் இடங்களைப் பாருங்கள். பெயரை நீக்கிவிட்டோம், சரி. ஆனால் ஒரு சின்ன ஊரில் 'மாற்றுத்திறனாளி உதவித்தொகை: 1, நிராகரிப்பு' என்று போட்டால் அது யார் என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட ஊர்களை ஒன்றிய அளவில் சேர்த்துக் காட்டுங்கள்.

பராமரிப்பு

கணினியை அணைத்துப் போட்ட மறுநாள் மெட்டாபேஸ் திறக்கவில்லையென்றால் பதற வேண்டாம். பாட்மேன் மெஷினை முதலிலும், கண்டெய்னரை அடுத்தும் ஸ்டார்ட் செய்தால் போதும். ஒவ்வொரு மாதமும் புதிய தாளைப் பழைய கோப்பிலேயே சேர்த்துவிட்டு, மெட்டாபேஸில் மீண்டும் படிக்கச் சொன்னால் பழைய வரைபடங்களே புது எண்ணோடு வரும். புதிய பதிப்புக்கு மாறும் முன், கண்டெய்னரை நிறுத்திவிட்டு 'குறை' ஃபோல்டர் முழுவதையும் ஒரு நகல் எடுத்துவையுங்கள். மாறிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்புவது சிரமம்.

இணையம் அடிக்கடி போகிற மலைப்பகுதி அலுவலகங்களுக்கு: கோவையில் நல்ல இணைப்புள்ள கணினி ஒன்றில் இமேஜை இறக்கி, பாட்மேன் டெஸ்க்டாப்பில் அதை ஒரே கோப்பாகச் சேமித்து, பென் டிரைவில் எடுத்துப் போங்கள். அங்கே 'லோட்' கொடுத்தால் இணையம் இல்லாமலே இமேஜ் ஏறிவிடும். பாட்மேன் நிறுவல் கோப்பையும் டிபி பிரவுசரையும் அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் துணை அமைப்பையும் பாட்மேன் மெஷினையும் முதல்முறை அமைப்பதற்கு மட்டும் இணையம் கேட்கலாம், அந்த வேலையை லைன் இருக்கிற நேரம் பார்த்து முடித்துவிடுங்கள். மனுத் தாள் மட்டும் பென் டிரைவில் ஏற வேண்டாம். அது அந்தந்த அலுவலகத்திலேயே இருக்கட்டும்.